ஆட்சிக் குறியை நம்பி வயது சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சீன நீலவெள்ளைத் தூபக்கிண்ணம் பற்றி வந்த கட்டுரையில், 'அடியில் சுவாந்த முத்திரை இருப்பதால் இது 15ஆம் நூற்றாண்டுப் பொருள் என்பது உறுதி' என்று அச்சாகியிருக்கிறது. இந்த ஒரு வரியை நம்பி யாரேனும் சேமிப்பைக் கொட்டி ஏமாந்தால், அந்தப் பழியில் பத்திரிகைக்கும் பங்கு உண்டு.

மிங் வம்சத்தின் சுவாந்த ஆட்சிக்காலம் 1426 முதல் 1435 வரைதான். பொருளின் அடியில் அந்த ஆட்சியின் பெயரைச் சொல்லும் ஆறெழுத்துக் குறியை, சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென்னின் குயவர்கள் அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளிலும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிங் பேரரசர் குவாங்சு காலத்துச் சரக்கில், மிங்குக்குப் பின் வந்த அதே சிங் வம்சத்தின் முந்தைய பேரரசர் காங்சியின் பெயர் இருப்பது சர்வ சாதாரணம். முன்னோர் வேலைக்குச் செய்த மரியாதை பாதி, விற்பனைக்கான தந்திரம் மீதி. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

வயதைக் கணிக்கக் குறியை அல்ல, பொருளின் உடம்பைப் பார்க்க வேண்டும். சுவாந்த காலத்தில் பயன்பட்ட வெளிநாட்டுக் கோபால்ட்டில், அதாவது நீலம் தரும் சாயப்பொருளில், இரும்பு அதிகம், மாங்கனீஸ் குறைவு. அதனால் தூரிகை தேங்கிய இடங்களில் கருத்த புள்ளிகள் விழுந்து, மேற்பூச்சுக்குள் அமுங்கியிருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் அந்த இடம் சற்றே பள்ளமாகத் தெரியும். 18ஆம் நூற்றாண்டு நகல்களில் இதே புள்ளிகளைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்திருப்பார்கள். ஒழுங்கு அதிகமாக இருப்பதே காட்டிக்கொடுக்கும். பூச்சில்லாத அடிவளையத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கட்டுரையோடு வந்த படங்களில் அந்த வளையம் ஒன்றில்கூட இல்லை.

அதைவிட மனம் நோகச் செய்தது பெட்டிச் செய்தியில் வந்த 'சுத்தம் செய்யும் முறை'. கொதிநீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊறவைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நீலம் மேற்பூச்சுக்கு அடியில் இருப்பதால் அது போகாது, உண்மைதான். ஆனால் பழைய ஒட்டு கொதிநீரில் விட்டுப்போகும். மயிரிழை விரிசலுக்குள் புகுந்த குளோரின் உப்பாகக் காய்ந்து, நாளடைவில் பூச்சையே செதில் செதிலாக உதிர்க்கும். உலர்ந்த மென்தூரிகையால் சாம்பலைத் தட்டிவிட்டு, ஈரப்பஞ்சால் ஒற்றியெடுத்தால் போதும். தூக்கும்போது காதுகளைப் பிடிக்கக் கூடாது. அவை தனியே செய்து களிமண் குழம்பால் ஒட்டப்பட்டவை. ஒரு கை அடியிலும் ஒரு கை வயிற்றிலுமாகத் தாங்க வேண்டும். உள்ளே சாம்பல் நிரப்பாமல் நேரடியாகக் கரித்துண்டு வைத்தால் ஓரிடம் மட்டும் சூடேறி அடி வெடிக்கும். சலித்த சாம்பல் படுக்கை அதற்காகத்தான்.

இது முதல்முறையும் அல்ல. முன்பு வேறோர் இதழில், காங்சி காலத்துக் கிண்ணத்துக்கு 'மிங் ஜாடி' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். அனுப்பிய திருத்தம் வெளியாகவே இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள டேவிட் ஜாடிகள் என்ற நீலவெள்ளை ஜோடியைப் பற்றி எழுதியபோதும் அவற்றின் கழுத்தில் எழுதியிருப்பதை விட்டுவிட்டீர்கள். 1351இல் சாங் வென்ஜின் என்பவர் அந்த இரண்டு ஜாடிகளோடு ஒரு தூபக்கிண்ணத்தையும் சேர்த்தே கோயிலுக்குக் காணிக்கை கொடுத்ததாக அதில் இருக்கிறது. ஜாடிகள் கிடைத்தன, கிண்ணம் இன்றுவரை கிடைக்கவில்லை. நீலவெள்ளைப் பீங்கானின் காலத்தை ஆய்வாளர்கள் நிர்ணயிக்க உரைகல்லாக நிற்பதே அந்தத் தேதியிட்ட வாசகம்தான். அப்படிப்பட்ட வாசகத்துக்கு இடமில்லை, யாரும் பின்னாளில் எழுதிவிடக்கூடிய ஆட்சிக் குறிக்கு அரைப்பக்கம்!

வேண்டுவது இவ்வளவுதான்: அடுத்த இணைப்பில் 'உறுதி' என்ற சொல்லையும் பிளீச்சிங் பவுடர் குறிப்பையும் திரும்பப் பெற்று நான்கு வரி போடுங்கள். கிண்ணத்தின் அடிவளையப் படம் ஒன்றையும் சேர்த்தால் வாசகர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்