செத்த காட்டுப்பன்றியைச் சோதிக்காமல் புதைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் எங்கள் லயத்துக்குப் பின்னால், ஓடையோரம், மூன்று காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன. கண்ணி பட்ட தடமும் இல்லை, குண்டுக் காயமும் இல்லை. நிர்வாகத்து ஆட்கள் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடிவிட்டார்கள். சோதனைக்கு ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்கவில்லை. அதற்குள் ஒரு பையன் தொடைக்கறியை அறுத்து ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டான். நான் சத்தம் போட்ட பிறகுதான் அதையும் குழியில் போட்டான்.

என்ன கிருமி என்று தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் நெகிரி செம்பிலான் மறக்க முடியாது. புக்கிட் பெலாண்டோக்கில் பன்றிப் பண்ணையாட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். வேறொரு கிருமி என்று 1999 மார்ச்சில்தான் தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நம் மலேசியாவில் 105 பேர் போய்விட்டார்கள்.

இப்போது பயப்பட வேண்டியது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு. அது மனிதரைத் தொற்றாது, 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சலும் இதுவும் வேறு வேறு. ஆனால் பன்றிகளைக் கூட்டமாகக் கொன்றுவிடும், உறைந்த இறைச்சியிலும் நெடுநாள் உயிரோடு இருக்கும். இந்தக் கிருமியில் மரபணுவை வைத்துப் பிரித்த பல வகைகள் உண்டு. 2007-இல் ஜார்ஜியாவில் நுழைந்த இரண்டாம் வகைதான் 2018-இல் சீனாவுக்கும், 2021-இல் நம் சபாவுக்கும் வந்தது. அங்கே காட்டிலிருந்த தாடிப்பன்றிகளும் செத்தன. சீனாவில் அப்புறம் முதல் வகையும், இரண்டும் கலந்த கிருமியும் பிடிபட்டன.

அதனால் 'கிருமி இருக்கிறது' என்ற பதில் மட்டும் போதாது. வகை பிரிக்கப் பார்க்கும் மரபணுத் துண்டு இரண்டாம் வகைக் கிருமிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முழு மரபணுவையும் படித்தால்தான், பண்ணைக் கழிவிலிருந்து காட்டுக்குப் போனதா, காட்டிலேயே சுற்றுகிறதா என்று தடம் பிடிக்க வழி உண்டு. அழுகிப்போன உடலாக இருந்தாலும் எலும்பு மஜ்ஜையில் சோதிக்கலாம்.

கால்நடை இலாகா யாரிடம் தகவல் சொல்ல வேண்டும் என்று தொலைபேசி எண்ணோடு தமிழில் எழுதி ஒவ்வொரு லயத்திலும் ஒட்ட வேண்டும். சோதனை முடிவையும் எங்களிடம் சொல்ல வேண்டும். அந்தக் குழி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அதிகாரிகள் எந்த நாள் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
பகாவ், நெகிரி செம்பிலான்