காரில் நல்ல ஒலிக்குப் பெரிய பெட்டி தேவையில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரங்கூனில் கார் வைத்திருக்கும் நம்மவர்களில் பலர், பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை என்று தோன்றியவுடன், டிக்கியில் பெரிய சப்வூஃபர் (தாழ்ந்த சுரங்களுக்கான ஸ்பீக்கர் பெட்டி) ஒன்றை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என நம்பிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓட்டுநரின் இருக்கையைக் கவனிக்க வேண்டும். நம் சாலைகளில் வலப்புறமாகவே ஓட்டுகிறோம் என்றாலும், ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்திறங்கிய கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது (முந்திச் செல்லும்போது படும் பாடு தனிக்கதை). வலக்கதவு ஸ்பீக்கர் ஓட்டுநரின் காலடியில் இருக்க, இடக்கதவு ஸ்பீக்கர் அதைவிட அரை மீட்டர் அளவுக்குத் தள்ளி அமைகிறது. ஒலி ஒரு மில்லி வினாடியில் ஏறக்குறைய 35 செ.மீ. தூரமே செல்லும்; ஆகவே வலப்பக்க ஒலி ஏறத்தாழ ஒன்றரை மில்லி வினாடி முந்திக் காதை அடைந்து, பாடகரின் குரலைக் கதவுப் பக்கமே இழுத்துவிடுகிறது. பேலன்ஸைத் திருப்பி இடப்பக்கத்தைக் கூட்டினால் சத்தம் சமமாகும், நேரம் சமமாகாது. புதிய கார் ஸ்டீரியோ செட்டுகள் பலவற்றில் உள்ள 'டைம் அலைன்மென்ட்' வசதியில் வலப்பக்கத்தைச் சற்றே தாமதப்படுத்தினால்தான் குரல் நடுவுக்கு வரும். அப்போது அருகில் இருப்பவருக்கு ஒலி முன்னைவிடக் கோணலாகத் தெரியும் என்பதால், குடும்பத்தோடு போகிறவர்கள் இதைத் தொடாமல் விடுவதே நல்லது.

பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்கள், மெலிந்து கேட்டால், பேலன்ஸை முழுவதும் ஒரு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து பாடும்போது இல்லாத கனம் ஒன்று மட்டும் பாடும்போது வந்தால், ஏதோ ஒரு பக்கத்தில் பிளஸ், மைனஸ் வயர்கள் மாறியிருக்கின்றன என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். ஒன்றின் காகிதக்கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்க, தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வயரை மாற்றிப் போடக் காசே ஆகாது. கதவுத் தகட்டிலுள்ள ஓட்டைகள் வழியாக ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி கசிந்தாலும் இதே கதிதான். அவற்றை அடைத்து, தகட்டின் அதிர்வைத் தணிக்கும் ஷீட்டை ஒட்டினால் பழைய ஸ்பீக்கரே புதிதுபோல் ஒலிக்கும்.

வானொலி மட்டும் இரைந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லக் கூடாது. ஜப்பானியப் பழைய செட்டுகள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எஃப்.எம். பிடிக்கும், அதற்கு மேலுள்ள நிலையங்களைக் கேட்க ஆண்டெனா வயரில் சொருகும் மாற்றுக் கருவி மட்டமானதாக இருந்தால் இரைச்சலும் கூடவே வரும். அதே பாட்டைப் பென் டிரைவிலிருந்து கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

'50 வாட் x 4' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு. அத்தகைய செட் தொடர்ந்து தரக்கூடியது பெரும்பாலும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 20 வாட் அளவே. தாழ்ந்த, நடு, உயர்ந்த சுரங்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் எல்லாவற்றையும் உயர்த்தினால் அந்தச் சிறு திறனும் தீர்ந்து ஒலி கரகரக்கும். உறுத்துகிற பகுதியைக் குறைப்பதே முறை.

கார் செட் பொருத்தித் தரும் கடைக்காரர்கள், பணம் வாங்குவதற்கு முன் உரிமையாளரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, இச்சோதனைகளைச் செய்துகாட்டிவிட்டு, அதன் பிறகும் குறை இருந்தால் மட்டும் பெரிய பெட்டியைப் பற்றிப் பேச வேண்டுமெனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ரங்கூன் வாசகர் ஒருவர்