அந்த நோட்டுக்கும் ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்துப்போன செய்தி வந்தால், கூடவே கரையில் அழுகிற பெண்களின் படமும் வருகிறது. அழுகிறோம், இல்லையென்று சொல்லவில்லை. கடலில் கிளம்பிய சண்டையைக் கரையில் தணிப்பதும் நாங்கள்தான். அது படத்தில் விழுவதில்லை.

போன வருஷம் எங்கள் ஊரில் ஒரு விசைப்படகு, நாட்டுப்படகுக்காரர் விரித்திருந்த நண்டு வலையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சாயங்காலம் இரண்டு பக்கமும் ஆள் கூடிவிட்டது. வலைக்காரரின் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மிஞ்சிய வலையை மணலில் விரித்து, போனது எத்தனை பாகம், மிதவை எத்தனை, கயிறு எவ்வளவு என்று நோட்டில் எழுதினாள். கடை பில்லையும் அதில் குத்தி வைத்தாள். நேரே அந்த விசைப்படகின் சொந்தக்காரரான சம்மாட்டி வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் நீட்டினாள். "அத்தை, கூடக் கேக்கல. போனத மட்டும் குடுங்க." பணம் வந்தது, தவணையில்தான் வந்தது என்பது வேறு கதை. அன்றைக்கு யார் மண்டையும் உடையவில்லை.

அப்புறம் நடந்த ஊர்க்கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை. அவள் எழுதியதை அவள் அப்பா தட்டுத்தடுமாறி வாசித்தார்.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும் தீவுகளைக் காக்கும் வனத்துறைக்கும் இருந்த தகராறு ஊரறிந்தது. மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்பது என்று அந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லெட்சுமி அம்மாவுக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. அதே வருஷம் டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை, 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கும் சமாதான முடிவுகளில் பங்கு வேண்டும் என்று 2250-ஆம் தீர்மானம் போட்டது. பெண்களுக்கான 1325-ஆம் தீர்மானம் 2000-லேயே வந்தாயிற்று. எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு இரண்டுமே இன்னும் வந்து சேரவில்லை.

யாழ்ப்பாண மீனவர்களோடு அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில், கணக்கெழுதத் தெரிந்த இரண்டு பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும். கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்: நம் விசைப்படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலை அறுத்த அவர்கள் வலையை மணலில் விரித்து எண்ணுகிற மகள் அந்தக் கரையிலும் இருப்பாள். எந்தத் தேதி, எத்தனை பாகம் என்று இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன்