வெட்டிய கையோடு தண்ணீர்

தங்கச்சிமடம்,
வைகாசி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் கடைக்கு ஆள் வந்துவிடுகிறது. இன்று மத்தியானம் கடைத்தெருவே வெறிச்சோடிக் கிடக்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை ஒரு சர்ச் கல்யாணத்துக்கு நீ ரோஜாப் பண்ணையில் வேலை பார்க்கிற ஓசூரிலிருந்து ரோஜா 15 கட்டு சொல்லியிருந்தேன். மதுரை வரை குளிர் வண்டியில் வந்தது. அங்கிருந்து நம் ஊர் வரை பகல் பஸ்தான். பெட்டியைப் பிரித்தால் உள்ளே வியர்த்துக் கொட்டியிருக்கிறது. வெளி இதழில் மிளகுத்தூள் தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளி. பாதிப் பூவுக்குக் கழுத்து தொங்கிவிட்டது. குளிரில் இருந்த பூவை அப்படியே வெக்கைக்குக் கொண்டுவந்தால் இதழில் நீர் கோக்கும், அந்த ஈரத்தில் பூஞ்சணம் ஏறும் என்று நீ சொன்னதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அனுப்பியவரிடம் கேட்டதற்கு, கத்திரி வெயிலுக்கு நான் என்ன செய்ய என்று போனை வைத்துவிட்டார். விடிந்தால் கல்யாணம். எனக்குக் கை கால் ஓடவில்லை.

அப்புறம் நீ காட்டிக் கொடுத்ததைத்தான் செய்தேன். தண்டைத் தண்ணீருக்குள் வைத்தபடியே ஓர் அங்குலம் சாய்வாக வெட்டினேன். பத்துப் பத்தாகத் தலை நிமிர்ந்து நிற்கிற மாதிரி செய்தித்தாளில் இறுக்கிச் சுருட்டி, வாளியில் கழுத்தளவு தண்ணீரில் இறக்கி, இருட்டான பின்கட்டில் வைத்தேன். போர் தண்ணீர் உப்பு என்பதால் கேன் தண்ணீர்தான். அப்பா மாம்பழக் கூடையைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார், உடனே வெளியே எடுக்கச் சொல்லிவிட்டேன். பழத்திலிருந்து வருகிற வாயுவுக்குப் பூ சீக்கிரம் வாடிவிடும் என்றால் அவர் நம்புவதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து முதல் சுருளைப் பிரித்தேன் பாப்பா, பத்தும் தலை தூக்கி நின்றன. புள்ளி விழுந்த வெளி இதழை மட்டும் உரித்துவிட்டு, 200 பூ மேடைக்குக் கொடுத்தேன்.

உங்கள் பண்ணையில் பூ கட்டுகிற ஹாலில் சொல்ல முடிந்தால் ஒன்று சொல். தூரத்து ஊருக்குப் போகிற பூ என்று மொட்டை ரொம்ப இறுக்கமாக வெட்டி அனுப்புகிறார்கள். இங்கே அது மலராமலே கருகுகிறது.

மல்லிக்கு இந்தப் பாடில்லை. வெயில் ஏற ஏறப் பூக்கிற செடி. மதுரைப் பக்கத் தோட்டங்களுக்குப் பதியன் நம் ஊர் மணலிலிருந்துதானே போகிறது, அது வெயிலுக்கா பயப்படும்? ஆனால் வரத்து கூடி விலை கீழே கிடக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் காசு இல்லாத வீட்டில் முதலில் நிற்பது பூதான். தினம் இரண்டு முழம் வாங்கியவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறார்கள். மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்றும் ஆரம்பித்துவிட்டது. வெயிலைவிட அதுதான் பூவைச் சுருட்டுகிறது. கடை முன்னால் ஈரச் சாக்கு கட்டியிருக்கிறேன், அரை மணிக்கொரு தரம் நனைக்க வேண்டியிருக்கிறது.

சரி, உன்னைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. ஓசூர் 3,000 அடி உயரம், குளுகுளுவென்று இருக்கும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலித்தீன் கூரைக்குள் மத்தியானம் வெளியைவிடச் சூடு என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அந்தச் சூட்டில் நின்றுவிட்டு நேரே குளிர் அறைக்குள் போகிறாய், தினமும் தலைவலி என்கிறாய். வெட்டிய கையோடு பூவை வாளித் தண்ணீரில் வைக்கிறீர்களே, நீ எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்கிறாய்? கழிப்பறை தூரம் என்று குடிக்காமல் இருந்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். மருந்து அடித்த கொட்டகைக்குள் அன்றைக்கே போகச் சொன்னால், முடியாது என்று சொல். அதற்காக வேலை போனால் போகட்டும். அம்மா இருக்கிறேன், கடை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் போடு. 4 மணி பஸ்ஸில் பூ வந்துவிடும், இறக்கி வாளியில் வைத்துவிட்டு ஐந்து மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா