சுவாமி பெயருக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ ஒன்று கேட்டாய். "இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் உங்களால் கும்பிட முடிகிறதா அப்பா?" நான் பதில் சொல்லாமல் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன் அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. நாலு வார்த்தையில் முடிகிற பதிலும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சாலை விபத்தைப் பற்றி அம்மா உனக்குச் சொன்னது பாதிதான். அவளை நான் இரும்புத் தடுப்புக்கு அப்பால் புல்தரையில் குடையோடு நிற்க வைத்துவிட்டேன். விரைவுச்சாலையில் நின்றுபோன காருக்குள் உட்கார்ந்திருக்கவே கூடாது. பின்னால் வருகிறவனுக்கு நாம் நிற்கிறோமா ஓடுகிறோமா என்று மழையில் தெரியாது. எனவே அருகில் நடந்தது எதையும் அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே நல்லது.

சிங்கப்பூரில் டிசம்பர் மழை எப்படிப் பெய்யும் என்று உனக்குத் தெரியும். ஜூரோங்கில் சித்தி வீட்டிலிருந்து தோ பாயோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தீவு விரைவுச்சாலையில் புக்கிட் தீமாவை நெருங்கும்போது, வைப்பரை முழு வேகத்தில் விட்டும் கண்ணாடி தெளியவில்லை. நான் வேகத்தைக் குறைத்து இடது தடத்துக்கு வந்துவிட்டேன். நடுத் தடத்தில் எங்களைத் தாண்டிப் போன ஒரு வெள்ளைக் கார், தேங்கியிருந்த தண்ணீரில் ஏறியதும் பின்பக்கம் லேசாக விலகியது. உடனே அதன் பிரேக் விளக்கு எரிந்தது. எரியக் கூடாதே என்று பஸ் ஓட்டிப் பழகிய மனம் அந்த நொடியிலும் சொன்னது. டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் வண்டி சாலையில் ஓடுவதில்லை, தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டீயரிங்கை வெட்டக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்துக்கொண்டு, டயர் மறுபடியும் சாலையைத் தொடும் வரை பொறுத்திருக்க வேண்டும். பஸ் ஓட்டுகிற எங்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? சொல்லியிருந்தாலும் அந்த அரை நொடியில் யாருடைய காலும் பிரேக்குக்குத்தான் போகும்.

கார் சுழன்று எங்கள் தடத்தைக் கடந்து, ஓட்டுநர் பக்கமாகத் தடுப்பிலும் விளக்குக் கம்பத்திலும் மோதி நின்றது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தேன். அந்தக் கம்பத்தில் இருந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். விரைவுச்சாலையில் இடத்தைச் சொல்ல அதைவிடத் துல்லியமான வழி இல்லை. நீயும் நினைவில் வைத்துக்கொள். பிறகு ஓடினேன். இடது பக்கக் கதவு திறந்தது. உள்ளே ஒரு சீன மூதாட்டி, என் வயதுதான் இருக்கும், நெற்றியில் இரத்தம், இருக்கை வார் நெஞ்சைப் பிடித்திருந்தது. அவருக்கு அப்பால் ஓட்டுநர் இருக்கையில் பையன். அவனைச் சுற்றிக் கார் மடங்கியிருந்தது.

அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. எங்கள் தலைமுறையில் சீனரும் தமிழரும் பேசிக்கொண்ட சந்தை மலாய் இரண்டு பேருக்கும் வந்தது. கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "அனாக் சாயா? அனாக் சாயா?" என்று மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "அடா, அடா சினி," என்றேன். இங்கேதான் இருக்கிறான். அது பொய்யில்லை, பக்கத்தில்தான் இருந்தான். மூச்சு இருந்தது. அந்த மூச்சின் ஒலி எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குள் பின்னால் வந்த ஒரு லாரி ஓரமாக நின்று, அதிலிருந்து தொழிலாளர்கள் குதித்து வந்தார்கள். தமிழ்நாட்டுப் பையன்கள் சிலர், பங்களாதேஷ்காரர்கள் சிலர். வேலை முடிந்து விடுதிக்குத் திரும்புகிறவர்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஒருவன் கைத்தொலைபேசி வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு தடுப்பின் ஓரமாகப் பின்னோக்கி ஓடினான், வரும் வண்டிகளை விலகச் சொல்ல. ஒல்லியான ஒருவன் உடைந்த பின்கண்ணாடி வழியாக உள்ளே நுழைந்து, அந்த மகனின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் தாங்கிக்கொண்டான். கண்ணாடிச் சில்லு அவன் முழங்கையைக் கீறியிருந்தது; அவன் பார்க்கவே இல்லை. மற்றவர்கள் லாரியிலிருந்து தார்ப்பாயைக் கொண்டுவந்து எங்கள் தலைக்கு மேல் பிடித்தார்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை அந்தக் கைகள் இறங்கவில்லை. காரின் பின்னிருக்கையில் வார் போடாவிட்டால் அபராதம் விதிக்கிற இந்த ஊரில், இந்தப் பிள்ளைகள் லாரியின் பின்தட்டில் வார் எதுவும் இல்லாமல் உட்கார்ந்து போகலாம் என்று சட்டம் இன்னும் விட்டுவைத்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நான் தினமும் காலையில் கவசம் சொல்வேன், உனக்குத் தெரியும். தலையில் தொடங்கி, கண், செவி, கழுத்து, மார்பு என்று பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கச் சொல்கிற வேண்டுதல். அந்தத் தார்ப்பாயின் கீழே என் வாய் தானாக அதைத் தொடங்கிவிட்டது. அப்போது குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் வந்தது. மலாய்ப் பெண் ஒருவர், உன்னைவிட இளையவராக இருப்பார், மண்டியிட்டு அந்த அம்மாவைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார். முதலில் தலை. பிறகு கண், கழுத்து, மார்பு, வயிறு, இடுப்பு, தொடை, பாதம். கவசம் போகிற அதே வரிசை. அவர் கையால் செய்துகொண்டிருந்ததை நான் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது. நிறுத்திவிட்டேன்.

மகனை வெளியே எடுக்க நீரழுத்தக் கருவியால் காரை வெட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தேன்: முன்கண்ணாடியில் சிவப்புக் கயிற்றில், சீனர்கள் கும்பிடுகிற கருணைத் தெய்வம் குவான் இம்மின் பதக்கம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நம் காரில் முருகன் இருக்கிறான். புதுக் காரைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, பூசை போட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துவந்தோம். அந்தத் தாயும் ஏதோ ஒரு நாள் வாட்டர்லூ ஸ்திரீட் குவான் இம் கோயிலுக்குப் போய், மகன் நல்லபடி ஓட்ட வேண்டும் என்று ஊதுபத்தி கொளுத்திவிட்டுத்தான் அந்தப் பதக்கத்தை வாங்கி வந்திருப்பார்.

மறுநாள் செய்தியில் வந்தது. தாய்க்கு நினைவு இருந்தது. மகன் மருத்துவமனையில் இறந்துவிட்டான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "முருகன்தான் உங்களைக் காப்பாற்றினான்." கோயிலில் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அன்பினால் சொல்கிறார்கள் என்று தெரியும். ஆனால் அந்த வார்த்தை என் காதில் நெருப்பாக விழுகிறது. என்னைக் காப்பாற்றினான் என்றால் அந்தப் பையனை என்ன செய்தான்? அவன் தாய் வைத்த ஊதுபத்தி போதவில்லையா? ஒருவன் செத்ததைக் காட்டி என் கடவுளுக்குப் பெருமை சேர்க்க என்னால் முடியாது. இன்னொருவர் ஒரு படி மேலே போய், "எல்லாம் அவனவன் வினை," என்றார். வினையை நான் என் துன்பத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம். பெற்றவள் முன்னால் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவரிடமே நேராகச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

என்னைக் காப்பாற்றியது என்ன என்று கேட்டால் கணக்காகவே சொல்வேன். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது ஒரு நொடிக்கு 25 மீட்டர். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு நொடி இடைவெளி வேண்டும். மழையென்றால் அதை இரட்டிப்பாக்க வேண்டும். நான் மெதுவாகப் போனேன், இடைவெளி விட்டிருந்தேன். கார் குறுக்கே வந்தபோது நிறுத்த இடம் இருந்தது. என்னைப் பழக்கிய பழைய ஓட்டுநர்களுக்கு அதற்காக நன்றி சொல்கிறேன்.

"அப்படியானால் எல்லாம் தற்செயல்தானே," என்று நீ சொல்வாய். தண்ணீர் தேங்கியதும், கார் வழுக்கியதும், கம்பம் அந்த இடத்தில் இருந்ததும் தற்செயல்தான். அதில் உன்னோடு சண்டை போட மாட்டேன். ஆனால் அந்த லாரி நின்றது தற்செயல் இல்லை. நாள் முழுதும் கட்டுமானத்தில் நின்ற கைகள் அந்த மழையில் தார்ப்பாயை இறக்காமல் பிடித்தது தற்செயல் இல்லை. பெயர் தெரியாத ஒருவனுடைய தலையைத் தாங்கிக்கொண்டு, "அண்ணே, தூங்காதீங்க," என்று அவனுக்குப் புரியாத தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தானே அந்த ஒல்லிப் பையன், அவன் குரலை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். நீ அதற்கு மனிதத்தன்மை என்று பெயர் வைப்பாய். எனக்கு அதைக் கும்பிடத் தோன்றுகிறது. உனக்கும் எனக்கும் வித்தியாசம் அதுதான். அதைச் சின்ன வித்தியாசம் என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்தவும் நான் விரும்பவில்லை.

கடவுள் ஒரு காவல்காரன் என்கிற எண்ணம் என்னிடமிருந்து போய்விட்டது. அது போனது வலிக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். இரவில் விழிப்பு வந்தால் பழைய ஆறுதல் கிடைப்பதில்லை. காலையில் கவசத்தை இப்போதும் சொல்கிறேன். ஆனால் என் உறுப்புகளைக் கேட்டுச் சொல்வதில்லை. கண் என்று வரும்போது அந்தத் தாயின் கண், கை என்று வரும்போது தார்ப்பாயைப் பிடித்த கைகள், முதுகு என்று வரும்போது லாரித் தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிற முதுகுகள். கேட்டால் கிடைக்கும் என்று நம்பியா சொல்கிறேன்? தெரியவில்லை. ஆனால் சொல்லாமல் என்னால் அந்த நாளைத் தொடங்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை தனியாக வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போனேன். சின்ன வயதில் உன்னை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். குவான் இம் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருகிற சீனர்கள் அப்படியே நம் வாசலிலும் நின்று ஊதுபத்தி ஏற்றுவதைப் பார்த்து, "இவர்களுக்கும் கிருஷ்ணன் சொந்தமா?" என்று கேட்டாய். அந்தத் தாய்க்குத் தெரிந்த இடமாக இருக்கும் என்றுதான் அங்கே போனேன். அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் குருக்கள் வழக்கம்போல், "பெயர், நட்சத்திரம்?" என்று கேட்டார். அந்தப் பையனின் பெயர் எனக்குத் தெரியாது. நட்சத்திரம் அவனுக்கே தெரிந்திருக்காது. "சுவாமி பெயருக்கே செய்துவிடுங்கள்," என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, செய்தார். வெளியே வந்து, நம் வழக்கத்தில் இல்லாவிட்டாலும், அந்தச் சீனர்களோடு நின்று நானும் மூன்று ஊதுபத்தி ஏற்றினேன்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். நாம் பிழைத்ததற்கு என்றால் நான் வர மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மா எழுந்து நடக்கட்டும் என்று எடுக்கிறேன். அப்போது வருவீர்களா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அவளோடு நடப்பேன். உனக்கு அப்போது விடுப்பு கிடைத்தால் வா. நீ கும்பிட வேண்டியதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட நடக்க இன்னோர் ஆள் இருந்தால் நல்லது.

மெல்பர்னிலும் மழை பெய்கிறது என்றாய். உன் கார் டயரின் பள்ளம் எவ்வளவு இருக்கிறது என்று இந்த வாரமே பார். இங்கே சட்டம் 1.6 மில்லிமீட்டர் போதும் என்கிறது. எனக்கு அது போதாது. 3-க்கு வந்ததும் மாற்றிவிடுவேன். நீயும் மாற்றிவிடு. பணம் வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் கேள்.

அன்புடன்,
அப்பா