பழைய கார் சங்கத்தின் ஆண்டறிக்கை: ஹெரால்டா, ஃபியட்டா?

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த, நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும் பதிவைப் பற்றிப் பலர் விசாரித்தீர்கள். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும்; ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. காரில் காய்கறி வாங்கப் போகிறவர்கள் யோசித்துச் செய்யவும்.

மற்றபடி இந்த ஆண்டை விழுங்கியது ஒரே தகராறுதான்: எது நல்ல கார், ஹெரால்டா, ஃபியட் 1100-ஆ? இரு அணியும் சத்தம் போட்டதால், ஒரு ஞாயிறன்று மைதானத்தில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டோம்.

முதலில் வேகம். 1953-இல் இத்தாலியில் வந்த ஃபியட்டுக்கு 1089 சிசி, 36 குதிரைத்திறன். 1959-இல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு 948 சிசி, ஏறக்குறைய 35. இரண்டின் உச்ச வேகமும் மணிக்கு 115 கி.மீ.-ஐ ஒட்டியே. அறுபது மைல் வேகத்தை எட்ட ஹெரால்டுக்கு அரை நிமிடம் வேண்டும். இதை வைத்து மல்லுக்கட்டியதில் அர்த்தமே இல்லை.

வித்தியாசம் பாடியில் இருக்கிறது. ஃபியட் மோனோகாக்; அதாவது, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் தனியாகக் கிடையாது, பாடியே சேஸிஸ். ஹெரால்டுக்குப் பாடி செய்து தரவிருந்த கம்பெனி போட்டிக் கார் கம்பெனியான பிஎம்சி கைக்குப் போனதால், தனிச் சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் முடுக்கினார்கள். மிச்செலோட்டி என்ற டூரின்காரர் அதற்கு அழகான உருவம் கொடுத்தார். ஃபியட்டின் ஊரும் டூரின்தான்! வேறு வழியில்லாமல் செய்த அந்த வேலைதான் இன்று நமக்கு லாபம். ஃபியட்டில் கதவுக்குக் கீழே துரு ஏறினால் வண்டியின் முதுகெலும்பே போச்சு. ஹெரால்டில் கெட்ட பகுதியைக் கழற்றிப் போடலாம். போனட் முன்பக்கமாக மொத்தமாகச் சாய்வதால், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினைப் பார்க்கலாம்.

சாக்பீஸால் வட்டம் போட்டதில் ஹெரால்டு 25 அடி விட்டத்துக்குள் திரும்பியது. ஃபியட் கோட்டைத் தாண்டியதும் ஃபியட் அணியில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

அப்புறம் பின்பக்கம் வந்தோம். ஹெரால்டில் ஸ்விங் ஆக்ஸில், அதாவது பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும்; ஸ்பிரிங்காகக் குறுக்கே ஒரே பட்டை. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஃபியட்டில் இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்ஸிலும் இரு பட்டைகளும் நம் ரோட்டுக்கு ஏற்றவை. இதில் ஃபியட்டுக்கே என் ஓட்டு. ஹெரால்டை வண்டலூரில் செய்த சென்னைக் கம்பெனியே, 1970-களில் வந்த தன் கெசல் காரில் ஸ்விங் ஆக்ஸிலைக் கைவிட்டதே, வேறென்ன சாட்சி வேண்டும்?

ஹெரால்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்சக்கரத்தின் அடியில், சக்கரம் திரும்ப உதவும் மரை போட்ட மூட்டான ட்ரனியனுக்கு கிரீஸ் அடிக்க விடாதீர்கள். அதற்கு இபி 90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது, அடியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்து, ஒருநாள் சக்கரம் சாய்ந்துவிடும். பெரும்பாலான மெக்கானிக்குகள் நிப்பிளைக் கண்டாலே கிரீஸ் கன்னைத் தூக்குவார்கள். பக்கத்தில் நின்று தடுங்கள். ஆயில் நிரப்பிய தனி கன் ஒன்று சங்கத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய், துடைத்துத் திருப்பித் தரவும்.

அடுத்த ஆண்டு இரண்டின் பிரேக்கையும் சோதிக்க உத்தேசம். மைதானம் தந்தவர்களுக்கும், வெயிலில் டீ வாங்கி வந்தவர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்