செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலகத்தைப் பற்றிச் சொல்ல, இரவல் போன புத்தகங்கள் முதலில் திரும்பி வர வேண்டும்.

இந்த ஆண்டு நம் கூட்டங்களில் பெரும்பொழுதை எடுத்துக்கொண்டது நம் படகுகளின் புரொப்பல்லரில் ஒட்டும் பாசியும், கொட்டலசு என்னும் ஓடுள்ள சிறு கடலுயிரும்தான். பாய்மரப் படகில் காற்று கிடைத்ததும் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். துறையில் கட்டிக் கிடக்கும் நாட்களோ இன்னும் அதிகம். அசையாத புரொப்பல்லர் இதழ்களில் முதலில் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம் படிகிறது, பிறகு கொட்டலசின் இளம் உயிரிகள் வந்து ஒட்டி ஓடு கட்டுகின்றன. இதழின் வடிவம் கெட்டால் படகு அதிர்கிறது, எஞ்சின் திணறிக் கரும்புகை கக்குகிறது.

நம் புரொப்பல்லர்கள் வெண்கலம்; வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. செம்பு கடலுயிர்களுக்கு ஆகாது. பிறகும் ஏன் ஒட்டுகிறது என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஆண்டின் மிக நல்ல கேள்வி அது. செம்பு நீரில் சிறிது சிறிதாகக் கரைந்தால்தான் அவற்றை விரட்டும். அரிப்பைத் தடுக்க நாம் பொருத்தும் துத்தநாகக் கட்டி அந்தக் கரைதலையே அடக்கிவிடுகிறது. 1824இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பார்த்தார். தகடு அரிக்கவில்லை, கொட்டலசு மொய்த்துக்கொண்டது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. நம்மால் கட்டியைக் கழற்றிவிட முடியாது, புரொப்பல்லரே அரித்துப்போகும். ஆகவே இதழுக்குத் தனிப் பூச்சு தேவை.

எந்தப் பூச்சு என்பதில்தான் குரல்கள் உயர்ந்தன. படகின் அடியில் பூசும் செம்புப் பெயிண்ட் சுழலும் இதழில் நெடுநாள் நிற்பதில்லை. அலுமினிய செயில்டிரைவ் (எஞ்சினிலிருந்து படகின் அடிவழியே இறங்கிப் புரொப்பல்லரைத் தாங்கும் கால்) வைத்திருப்பவர்கள் செம்புப் பெயிண்டை அந்தக் காலின் மேல் பூசவே கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். பழைய வெள்ளீயப் பெயிண்டுக்காக இன்றும் ஏங்குபவர்களுக்கு: 2001இல் ஏற்கப்பட்ட சர்வதேச உடன்படிக்கை அதைத் தடை செய்தது, 2008இல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

சிலிக்கோன் பூச்சின் பக்கமே பெரும்பான்மை சாய்ந்தது. என் கருத்தும் அதுவே. அது எதையும் கொல்வதில்லை, பிடிப்புக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். ஒட்டியது சுழற்சியில் கழன்று விழும். எனவே படகை மாதக்கணக்கில் அசையாமல் விட்டுவிட்டுப் பூச்சைக் குறை சொல்வது நியாயமல்ல. உலோகம் தெரியத் தேய்த்து, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூச வேண்டும். விரல் பட்ட எண்ணெய்ப்பசைகூடப் பிடிப்பைக் கெடுக்கும். பின்னர் இரும்புச் சுரண்டியால் தொடவே கூடாது. மென்மையான துணி போதும். துத்தநாகக் கட்டியின் மேல் எதையும் பூசாதீர்கள்.

மடக்கு புரொப்பல்லர் உள்ளவர்கள் கீல்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும்; அங்கே கொட்டலசு பிடித்தால் இதழ்கள் சரியாக விரியாது.

துறையில் கிடக்கும்போது புரொப்பல்லரைக் கறுப்புப் பையால் மூடிக் கட்டும் முறையைச் சில மூத்த உறுப்பினர்கள் விடாப்பிடியாக ஆதரித்தார்கள். வெளிச்சமும் நீரோட்டமும் தடைபடுவதால் பலன் உண்டு. ஆனால் பையை மறந்து எஞ்சினைக் கிளப்பினால் அது தண்டில் சுற்றிக்கொள்ளும். பை கட்டுபவர்கள் எஞ்சின் சாவியில் சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

அடுத்த பருவத்தில் படகுகளைக் கரையேற்றும்போது பூச்சு வேலையைச் சேர்ந்து செய்ய விரும்புவோர் என்னிடம் பெயர் தரலாம். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்